பின்தோட்டப் புல்வெளியில் பாசி: 60 சதுர மீட்டர், வடக்கு முகம், களிமண்

வடக்குவாசல் | ஆகஸ்ட் 27, காலை 9:10

வணக்கம். மான்செஸ்டர் பக்கம் ஸ்டாக்போர்ட்டில் செமி-டிடாச்ட் வீடு, பின்தோட்டம் வடக்குப் பார்த்தது. புல்வெளி நீளம் 10 மீட்டர், அகலம் 6 மீட்டர். வீட்டை ஒட்டிய 2 மீட்டர் பட்டையிலும், கடைசி மூலையில் சிக்கமோர் மரத்தடியிலும் புல் என்று சொல்ல எதுவுமே இல்லை, முழுக்கப் பாசி. நடுவில் பாதிக்குப் பாதி. மண் களிமண். மழை பெய்த மறுநாள் கால் வைத்தால் சொதசொதவென்று அமுங்குகிறது. மோவர் 20 மில்லிமீட்டரில் ஓடுகிறது.

கடையில் த்ரீ-இன்-ஒன் பை ஒன்றும் இரும்பு சல்பேட் 1 கிலோ டப்பா ஒன்றும் இருக்கின்றன. சுண்ணாம்பு தூவினாலே போய்விடும் என்றும் சொல்கிறார்கள். எதில் தொடங்குவது? இந்த ஆண்டுக்குள் முடியுமா?

புல்வாரி | ஆகஸ்ட் 27, காலை 11:35

முடியும். ஆனால் நாளைக் கடத்தாதீர்கள். உங்கள் ஊரில் செப்டம்பர் முதல் வாரம் மருந்து, மூன்றாவது வாரம் வாருதல், அதோடு விதை. அக்டோபர் 5-க்குப் பிறகு விதைப்பதெல்லாம் சூதாட்டம். ரைகிராஸ் என்ற புல் ரகம் முளைக்க மண் 8 டிகிரி செல்சியஸாவது இருக்க வேண்டும், ஃபெஸ்க்யூ என்ற ரகத்துக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல் சூடு நல்லது. செப்டம்பரில் மண்ணில் கோடைச் சூடு மிச்சம் இருக்கும், மழையும் வந்துவிடும். அதனால்தான் பலமான வேலைக்கு இலையுதிர் காலத்தைச் சொல்கிறேன்.

வரிசை இது: பாசியைக் கொல்லும் இரும்பு சல்பேட் கரைசலை ஊற்று, 10 முதல் 14 நாள் காத்திரு, கறுத்த பாசியை வாரி எடு, துளை போடு, விதை, மேலே மெல்லிய மண். வரிசை மாறினால் வேலை இரட்டிப்பாகும். உயிருள்ள பாசியை வாரினால் அதன் துண்டுகள் எங்கும் சிதறும். ஒவ்வொரு துண்டும் திரும்ப வளரக்கூடியது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பாசி உங்கள் புல்லைக் கொல்லவில்லை. புல் விட்டுப்போன இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதற்கு வேர் கிடையாது, பிடித்துக்கொள்ள நுண்ணிய இழைகள் மட்டும்தான். தண்ணீரை இலை வழியாகவே குடிக்கும். எனவே புல் ஏன் விட்டுப்போனது என்று கண்டுபிடிக்காமல் மருந்து ஊற்றினால் மார்ச்சில் மறுபடி இதே கேள்வியோடு வருவீர்கள். உங்கள் பதிவிலேயே மூன்று காரணம் தெரிகிறது: நிழல், இறுகிய ஈரக் களிமண், 20 மில்லிமீட்டர் வெட்டு. மூன்றில் சுலபமாகத் திருத்தக்கூடியது கடைசியில் சொன்னதுதான். இன்றே மோவரை 30-க்கு ஏற்றுங்கள், அடுத்த வாரம் 40. வேலைக்காக நடுவில் ஒருமுறை இறக்க வேண்டிவரும், அதைப் பிறகு சொல்கிறேன்.

சாரல் | ஆகஸ்ட் 27, மதியம் 1:02

மருந்துக்கு முன்னால் அது எந்தப் பாசி என்று பாருங்கள். நம் மொழியில் குளத்தில் மிதப்பதும் பாசி, கிணற்றடியில் வழுக்குவதும் பாசி, புல்வெளியில் மெத்தையாகக் கிடப்பதும் பாசி. புல்வெளியில் இந்த மூன்றையுமே பார்க்கலாம். வழவழவென்று கறும்பச்சைப் படலமாக இருந்தால் அது ஆல்கா. மழைக்குப் பின் ஜவ்வரிசிக் கஞ்சி உறைந்தது மாதிரி கட்டி கட்டியாகக் கிடந்தால் நாஸ்டாக். இந்த இரண்டும் தண்ணீர் தேங்குவதன் அடையாளம், வாருவதால் தீராது.

உண்மையான பாசி என்றால் ஒரு பிடி பிடுங்கி உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். தண்டு சிவப்பாக, இலைகள் பின்பக்கமாக வளைந்து, நுனியை மேலிருந்து பார்த்தால் குட்டி நட்சத்திரம் போல இருந்தால் அது ரைட்டிடியாடெல்ஃபஸ் ஸ்குவாரோசஸ். பிரிட்டன் புல்வெளிகளில் மிகச் சாதாரணமாகக் கிடைப்பது, ஈரமும் தாழ்ந்த வெட்டும் அதற்குக் கொண்டாட்டம். குட்டிப் பைன் மரக் கன்றுகள் மாதிரி விறைப்பாக நின்றால் பாலிட்ரைக்கம், புளிப்பான மண்ணில் வருவது. வெல்வெட் துணி ஒட்டியது போல அரை சென்டிமீட்டருக்கும் குறைவாகப் படிந்திருந்தால் மண் கல்லாக இறுகியிருக்கிறது என்று அர்த்தம். அங்கே மருந்தைவிடத் துளைதான் முக்கியம்.

முற்றம் | ஆகஸ்ட் 27, மாலை 6:48

தம்பி, சுண்ணாம்புக் கதையை முதல்ல விடுங்கோ. சுண்ணாம்பு பாசியைக் கொல்லாது. பாசி இருக்கெண்டால் மண் புளிப்பெண்டு அர்த்தமுமில்லை, சுண்ணாம்பு மண்ணிலயும் செழிச்சு வளருற பாசி இருக்கு. புல்லுக்கு பிஎச் 5.5-இல இருந்து 7 வரைக்கும் பிரச்சினை இல்லை. தோட்டக் கடையில பிஎச் பார்க்கிற கிட் ஒண்டு வாங்கி நாலு இடத்தில 7, 8 சென்டிமீட்டர் ஆழத்தில மண் எடுத்துப் பாருங்கோ. 5.5-க்குக் கீழ வந்தால் மட்டும், அதுவும் குளிர்காலத்தில, அரைச்ச சுண்ணக்கல் சதுர மீட்டருக்கு 50 கிராம். அதுக்கு மேல போடாதேங்கோ. தேவையில்லாத மண்ணுக்குப் போட்டால் நல்ல மெல்லிய புல்லு போய், களையும் மண்புழு மண்ணும்தான் மிஞ்சும்.

இன்னொரு முக்கியமான விசயம்: இரும்பும் சுண்ணாம்பும் ஒரே காலத்தில வேண்டாம். இரும்பு அப்பிடியே கட்டியாகி வீணாப் போகும். அமோனியா உரத்தோட சுண்ணாம்பு சேர்ந்தால் நைதரசன் ஆவியாப் போயிடும்.

வடக்குவாசல் | ஆகஸ்ட் 28, காலை 8:20

சாரல் அக்கா சொன்ன சிவப்புத் தண்டும் நட்சத்திரமும் அப்படியே இருக்கின்றன, நடுப்பகுதி முழுக்க. பட்டையை ஒட்டிய நடைவழியில் மட்டும் வெல்வெட் ரகம். பிஎச் நாலு இடத்திலும் 6-க்கும் 6.5-க்கும் இடையில். அப்படியானால் சுண்ணாம்பு இல்லை.

த்ரீ-இன்-ஒன்னா, தனி இரும்பா?

புல்வாரி | ஆகஸ்ட் 28, காலை 10:05

தனி இரும்பு. த்ரீ-இன்-ஒன்னில் பாசிக்கான இரும்போடு அகன்ற இலைக் களைகளுக்கான மருந்தும் கலந்திருக்கும். அதைப் போட்ட பிறகு விதைக்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், எத்தனை வாரம் என்பது பையிலேயே அச்சிட்டிருக்கும். உங்களுக்கு அந்த நேரம் இல்லை. வாரி எடுத்த பாசியையும் வெட்டிய புல்லையும் உரக்குழியில் போடுவதற்கும் அது தடை.

வெண்கலம் | ஆகஸ்ட் 28, மதியம் 12:40

இரும்பு வாங்கும்போது டப்பாவைத் திருப்பி இரண்டு இடம் பாருங்கள்.

ஒன்று, பாசிக்கொல்லி என்று விற்கும் பொருளுக்கு பிரிட்டனில் எச்எஸ்இ என்ற அரசு அமைப்பின் அனுமதி உண்டு, டப்பாவில் 'மாப்' (MAPP) என்ற அனுமதி எண் இருக்கும். உரமாக மட்டும் விற்கும் இரும்பு சல்பேட்டில் அது இருக்காது. பாசிக்கு என்று அனுமதி பெற்றதையே வாங்குங்கள், அதில் போட்டிருக்கும் அளவுதான் கடைசி வார்த்தை.

இரண்டு, எந்த ரூபம். இணையத்தில் சுற்றும் 'சதுர மீட்டருக்கு 5 கிராம்' என்ற கணக்கு பெரும்பாலும் ஹெப்டாஹைட்ரேட்டுக்கு. வெளிர்பச்சைப் படிகம், இரும்பு 20 சதவீதம். உலர்ந்த பொடியாக வருவது மோனோஹைட்ரேட், அதில் இரும்பு 30 சதவீதம். பொடிக்கும் 5 கிராம் என்று போட்டால் ஒன்றரை மடங்கு இரும்பு விழும், பாசியோடு புல்லும் கறுக்கும். பொடி என்றால் 3.3 கிராம் போதும்.

பச்சைப் படிகம் மஞ்சளும் பழுப்புமாக மாறியிருந்தால் காற்றுப் பட்டு ஃபெர்ரிக் (துருவேறிய இரும்பு) ஆகிவிட்டது, பாசியை அது சரியாகக் கறுக்க வைக்காது. கரைத்த தண்ணீரும் அதேபோலத்தான். காலையில் கரைத்தால் காலையிலேயே ஊற்றி முடியுங்கள். நாளைக்கு என்று மூடி வைத்தால் அடியில் செங்காவி வண்டல்தான் மிஞ்சும்.

நிழல்மரம் | ஆகஸ்ட் 28, இரவு 9:15

யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். சிக்கமோர் மரத்தடியில் ஒரு நாளைக்கு நேரடி வெயில் எத்தனை மணி நேரம்? ஒரு வெயில் நாளில் இரண்டு மணிக்கு ஒருமுறை ஜன்னலிலிருந்து போட்டோ எடுத்துப் பாருங்கள். 3 மணி நேரத்துக்கும் குறைவு என்றால் அங்கே எந்த விதையும் நிற்காது. நிழல் ஒரு பக்கம், மர வேர் தண்ணீரை உறிஞ்சுவது ஒரு பக்கம், அக்டோபரில் இலை வந்து மூடுவது இன்னொரு பக்கம். வருடா வருடம் இரும்பும் விதையும் வாங்கி அந்த மூலையில் கொட்டுவதைவிட, அதைப் பாசிக்கே விட்டுவிடுங்கள்.

கியோட்டோவில் சைஹோ-ஜி கோயில் தோட்டம் முழுக்கப் பாசிதான். கிட்டத்தட்ட 120 வகை. 1994-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். அங்கே பாசியின் நடுவில் முளைக்கும் புல்தான் களை.

வடக்குவாசல் | ஆகஸ்ட் 30, மாலை 5:30

எடுத்துப் பார்த்தேன். மரத்தடியில் ஒன்றரை மணி நேரம்தான். வீட்டுப் பட்டையில் காலையும் மாலையும் சேர்த்து 4. நடுவில் 6-க்கு மேல். மரத்தடியில் சுமார் 8 சதுர மீட்டரை விட்டுவிடுகிறேன். மீதி 52.

வாங்கியது மோனோஹைட்ரேட், இரும்பு 30%, மாப் எண் இருக்கிறது. ஸ்பிரேயர் இல்லை, 10 லிட்டர் பூவாளி மட்டும் உண்டு.

வெண்கலம் | ஆகஸ்ட் 30, இரவு 7:55

பூவாளியே போதும், நுண்துளை ரோஸ் (வாயில் மாட்டும் சல்லடை மூடி) மாட்டியது என்றால். டப்பாவின் அளவு என் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். ஒத்துப்போனால்:

ஒரு பூவாளிக்கு 33 கிராம் பொடி. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் பிளாஸ்டிக் குவளையில் முழுக்கக் கரைத்து, துணியில் வடிகட்டிப் பூவாளியில் ஊற்றி 10 லிட்டர் வரை நிரப்புங்கள். அது 10 சதுர மீட்டருக்கு. குச்சியும் கயிறும் வைத்து 5 மீட்டருக்கு 2 மீட்டர் கட்டமாகப் பிரித்துக்கொண்டால் கைப்பழக்கம் இல்லாதவர்களுக்கும் சீராக விழும். ஒரு கட்டத்தில் பாதியை நீளவாக்கிலும் மீதியைக் குறுக்குவாக்கிலும் ஊற்றுங்கள். 52 சதுர மீட்டருக்கு ஐந்து பூவாளியும் கொஞ்சமும். மொத்தப் பொடி சுமார் 172 கிராம்தான். சமையலறைத் தராசில் நிறுக்க வேண்டாம், அல்லது நிறுத்தபின் அந்தக் கிண்ணத்தைச் சமையலுக்குத் திரும்ப எடுக்காதீர்கள்.

நாள் பார்ப்பதுதான் இதில் பாதி வெற்றி. மண் ஈரமாக, புல் வளர்ந்துகொண்டு, மேகமூட்டமாக, 24 மணி நேரத்துக்கு மழை இல்லாத நாள். வெட்டி 3 நாளாவது ஆகியிருக்க வேண்டும், ஊற்றிய பின் 3, 4 நாளுக்கு மோவர் வேண்டாம். காய்ந்து சுருண்ட பாசி மருந்தைக் குடிக்காது. உறைபனி நாளிலும் அதே கதை.

கல் பாவிய பேட்டியோ இருக்கிறதா? ஒரு சொட்டு விழுந்தாலும் துருக் கறை. முதலில் கல்லைத் தண்ணீரால் நனைத்துவிடுங்கள், ஓரத்தில் ஒரு பலகையைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு ஊற்றுங்கள். பழைய ஷூ போடுங்கள், அதே ஷூவோடு வீட்டுக்குள் போகாதீர்கள். நாய், பூனை, குழந்தைகள் புல் காயும்வரை வெளியே வேண்டாம். டப்பாவை எட்டாத இடத்தில் வையுங்கள், இரும்பு வயிற்றுக்குள் போனால் ஆபத்து.

கொல்லைப்புறம் | ஆகஸ்ட் 31, காலை 7:40

இடையில் ஒரு கேள்வி. பாத்திரம் கழுவும் திரவம், சமையல் சோடா, வினிகர் என்று வீடியோக்களில் காட்டுகிறார்களே, இரும்புக்குப் பதில் அது ஆகாதா?

சாரல் | ஆகஸ்ட் 31, காலை 9:25

சோடாவும் உப்பும் சோடியம். களிமண்ணில் சோடியம் சேர்ந்தால் மண் துகள்கள் பிரிந்து இன்னும் வழுவழுப்பாகி, தண்ணீர் இறங்குவது இன்னும் மோசமாகும். எந்தக் காரணத்தால் பாசி வந்ததோ அதையே காசு கொடுத்து வளர்ப்பதாகிவிடும். வினிகர் பாசி, புல் என்று பார்க்காது, பட்ட பச்சையெல்லாம் கருகும். பிளீச்சை நினைத்தே பார்க்காதீர்கள். இரும்பின் நல்ல குணம், அளவோடு போட்டால் பாசி கறுக்கிறது, புல் கரும்பச்சையாகிறது. நீங்கள் சொன்ன எதற்கும் அந்தப் பாகுபாடு இல்லை.

பழைய முறை ஒன்று உண்டு, லான் சாண்ட். சுண்ணாம்பு இல்லாத காய்ந்த மணல் 20 பங்கு, அம்மோனியம் சல்பேட் 3, இரும்பு சல்பேட் 1. இன்றும் பையில் விற்கிறார்கள். வசந்த காலத்துக்கு அருமையானது. இலையுதிர் காலத்தில் அந்த நைட்ரஜன் வேண்டாம், புல் மெத்தென்று வளர்ந்து நவம்பர் ஈரத்தில் ஃபியூசேரியம் பூஞ்சை பிடிக்கும்.

வடக்குவாசல் | செப்டம்பர் 9, மாலை 6:10

5-ஆம் தேதி காலை ஊற்றினேன். மறுநாள் மாலைதான் மழை. மூன்றாம் நாளே நடுப்பகுதி கரி பூசியது போல ஆகிவிட்டது. மூன்று சந்தேகம்: பேட்டியோவை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்குப் பச்சையாகவே நிற்கிறது. நடுவில் இரண்டு இடத்தில் புல் நுனியும் கறுத்திருக்கிறது. இரண்டு கல்லில் விரல் நீளத்துக்குத் துருக் கறை.

புல்வாரி | செப்டம்பர் 9, இரவு 8:00

பச்சைப் பட்டை: கறைக்குப் பயந்து ரோஸை உள்ளே திருப்பியிருப்பீர்கள். ஓரங்களில் எல்லாருக்கும் நடப்பதுதான். அந்தப் பட்டைக்கு மட்டும் அரைப் பூவாளியில் அதே செறிவில் கலந்து, கைத்தெளிப்பானால் அடியுங்கள்.

கறுத்த புல்: கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடம். வேர் சாகாது. இரண்டு மூன்று வெட்டில் போய்விடும்.

இப்போது கை அரிக்கும், வாரிவிடலாம் என்று தோன்றும். 10 நாள் பொறுங்கள். மேலே கறுத்தாலும் மெத்தையின் அடியில் பச்சை மிச்சம் இருக்கும். விரலால் விலக்கிப் பாருங்கள். அடிவரை பழுப்பான பிறகே வாரி எடுங்கள்.

வெண்கலம் | செப்டம்பர் 9, இரவு 8:30

கறைக்கு ஆக்ஸாலிக் அமிலம் சேர்ந்த துரு நீக்கி. மூலையில் ஒரு கல்லில் சோதித்துவிட்டு, கையுறை போட்டு, பிறகு நன்றாகக் கழுவிவிடுங்கள். சுண்ணக்கல் என்றால் அமிலம் எதுவும் வேண்டாம், மேற்பரப்பையே அரித்துவிடும்.

முற்றம் | செப்டம்பர் 10, மாலை 7:20

காத்திருக்கிற நேரத்தில ஒரு சோதனை செய்யுங்கோ. பழைய கத்தியால புல்வெளியில மூண்டு பக்கமும் வெட்டி, கேக் துண்டு மாதிரி 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு ஆப்பு எடுங்கோ. பக்கவாட்டில பார்த்தால் மேல பச்சை, அதுக்குக் கீழ தும்பு மாதிரி ஒரு பழுப்புப் படை, அதுக்குக் கீழ மண். அந்தத் தும்புப் படைதான் தாட்ச். ஒரு சென்டிமீட்டருக்கு மேல இருந்தால் தண்ணி அதிலயே நிண்டுடும், மண்ணுக்குள்ள இறங்காது. மண்ணை மணந்து பாருங்கோ. அழுகின முட்டை மணம் வந்தால் காத்துப் போகேல்லை எண்டு அர்த்தம். வேர் எவ்வளவு ஆழம் போகுது எண்டும் அளந்து எழுதுங்கோ. பார்த்து முடிய அந்தத் துண்டை அப்பிடியே திரும்ப வைச்சு மிதிச்சு விடுங்கோ.

வடக்குவாசல் | செப்டம்பர் 12, காலை 8:45

நடுவில்: தாட்ச் 18 மில்லிமீட்டர், வேர் 6 சென்டிமீட்டர். வீட்டுப் பட்டையில்: தாட்ச் 10, வேர் 3 தான். அதற்குக் கீழே சாம்பல் நிறக் களிமண், லேசான நாற்றம் உண்டு. ஸ்க்ரூடிரைவர் குத்தினால் 4 சென்டிமீட்டரில் நின்றுவிடுகிறது.

முற்றம் | செப்டம்பர் 12, மதியம் 2:10

சாம்பல் நிறமும் மணமும் சேர்ந்தால் அங்க கனகாலமாத் தண்ணி நிக்குது. மழைநீர்க் குழாய் அந்தப் பக்கமா இறங்குது? அடைப்பு, வெடிப்பு இருக்கோ எண்டு முதல் பாருங்கோ. அது ஒழுகினால் மிச்ச வேலையெல்லாம் வீண்.

புல்வாரி | செப்டம்பர் 14, இரவு 9:40

வார இறுதிக்கான வேலை விவரம் இதோ, விரிவாகவே எழுதுகிறேன்.

வாருவதற்கு முதல் நாள் மோவரை 25-க்கு இறக்கி வெட்டிப் புல்லை அள்ளிவிடுங்கள். முன்பு சொன்ன 'ஒருமுறை இறக்குவது' இதுதான். மண் ஈரமாக இருக்கலாம், சேறாக இருக்கக்கூடாது. கையால் செய்வதானால் ஸ்பிரிங் டைன் ரேக், ஆனால் 18 மில்லிமீட்டர் தாட்சை 52 சதுர மீட்டருக்குக் கையால் வாரினால் தோள் கழன்றுவிடும். மின்சார ஸ்கேரிஃபையர் (தும்பை வாரி எடுக்கும் இயந்திரம்) ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். கம்பி வைத்த உருளை, பிளேடு வைத்த உருளை என்று இரண்டு வரும். உங்களுக்குப் பிளேடு. பிளக்கில் ஆர்சிடி (மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் கருவி) கட்டாயம், வயரைத் தோளுக்கு மேலே போட்டுக்கொண்டு எப்போதும் வெட்டிய பக்கமே நிறுத்துங்கள்.

எல்லாரும் தவறு செய்யும் இடம் ஆழம். முதல் தடவையிலேயே ஆழமாக இறக்கி, மண்ணைக் கிளறி, இருந்த புல்லையும் பிடுங்கிவிடுவார்கள். பிளேடு தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கிற அளவில் முதல் ஓட்டம். அள்ளுங்கள். இரண்டாவது, 2, 3 மில்லிமீட்டர் இறக்கி, முதல் கோட்டுக்கு 45 டிகிரி சாய்வில். நேர்க்குறுக்காக 90 டிகிரியில் ஓட்டினால் சதுரம் சதுரமாகப் புல் கழன்று வரும். அள்ளுங்கள். இன்னும் தும்பு வந்தால் எதிர்ச் சாய்வில் மூன்றாவது. பெட்டியில் விழுவது தும்பாக இருக்கும்வரை சரி. மண் விழ ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள்.

18 மில்லிமீட்டரையும் ஒரே நாளில் எடுக்க ஆசைப்படாதீர்கள். பாதி இந்த ஆண்டு, மீதி அடுத்த செப்டம்பர். முடிந்ததும் புல்வெளி பார்க்கவே பரிதாபமாக இருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும். குவியலும் மலைக்க வைக்கும், 240 லிட்டர் பச்சைத் தொட்டி ஒன்று கண்டிப்பாகப் போதாது. சாக்குகளைத் தயாராக வையுங்கள்.

அடுத்தது துளை. நடுப்பகுதிக்கு கார்டன் ஃபோர்க் போதும்: 10 சென்டிமீட்டர் ஆழம், 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளி, குத்தியதும் கைப்பிடியைப் பின்னால் லேசாக அசைத்து எடுங்கள். வீட்டுப் பட்டைக்கு அது போதாது. களிமண்ணில் ஃபோர்க் குத்தினால் துளையின் சுவர் மெழுகியது போல அடைத்துக்கொள்ளும். அங்கே மண் குச்சியை வெளியே எடுத்துப் போடும் ஹாலோ டைன் கருவி வேண்டும். வெளியே விழுந்த மண் குச்சிகளைக் கட்டாயம் கூட்டி அள்ளுங்கள், மழையில் கரைந்தால் துளையையே மூடிவிடும்.

கொல்லைப்புறம் | செப்டம்பர் 15, காலை 7:15

துளையில் மணல் போடலாமா? களிமண்ணோடு மணல் சேர்ந்தால் சிமெண்ட் ஆகிவிடும் என்கிறார்களே.

முற்றம் | செப்டம்பர் 15, மாலை 6:30

களிமண்ணைக் கொத்தி அதுக்குள்ள கொஞ்சம் மணலைக் கலக்கினால்தான் அந்தப் பிரச்சினை. துளைக்குள்ள தனி மணல் நிண்டால் அது தண்ணிக்கு வாய்க்கால். ரெண்டும் வேறை வேறை. ஆனால் கட்டிட மணல், கடல் மணல் வேண்டாம். ஒண்டில மாவு மாதிரி நுண் துகள், மற்றதில உப்பும் சிப்பியும். சுண்ணாம்பில்லாத கூர் மணல் (ஷார்ப் சாண்ட்) எண்டு கேட்டு வாங்குங்கோ.

கனமான மண்ணுக்கு நல்ல கலவை: கூர் மணல் 6 பங்கு, மணற்சார் தோட்ட மண் 3, மக்கின இலை உரம் 1. சதுர மீட்டருக்கு 2 கிலோ. 52-க்கு 104 கிலோ, 25 கிலோ பை நாலும் கொஞ்சமும் வரும். தூவி, ரேக்கின்ர முதுகால தேய்ச்சு விடுங்கோ. புல்லு நுனி வெளியில தெரியவேணும். மூடிப்போனால் அந்த இடம் அழுகும்.

சாரல் | செப்டம்பர் 15, இரவு 8:20

விதையைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. ஒரே பை வாங்கி எல்லா இடத்திலும் தூவாதீர்கள்.

நடு 40 சதுர மீட்டருக்கு ரைகிராஸும் ரெட் ஃபெஸ்க்யூவும் கலந்தது, சதுர மீட்டருக்கு 30 கிராம், ஆக 1.2 கிலோ. வீட்டுப் பட்டையின் 12 சதுர மீட்டருக்கு ரைகிராஸ் வேண்டாம். முளைக்கும்போது கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும், நிழலில் அடுத்த குளிர்காலம் தாண்டாது. ஸ்ட்ராங் கிரீப்பிங் ரெட் ஃபெஸ்க்யூ, ஹார்ட் ஃபெஸ்க்யூ, முடிந்தால் டெஷாம்ப்சியா சேர்ந்த நிழல் கலவை, 35 கிராம் வீதம் 420 கிராம். போவா சுபினா என்ற புல் கிடைத்தால் நிழலுக்கும் மிதிபடுவதற்கும் அதுதான் உயர்ந்தது, விலையும் அப்படியே.

பாதி விதையை நீளவாக்கிலும் பாதியைக் குறுக்கிலும் தூவுங்கள். அதன் பிறகு முற்றம் அண்ணை சொன்ன மண் கலவை. விதை மண்ணைத் தொட வேண்டும். தும்பின் மேல் கிடக்கும் விதை முளைத்தாலும் வேர் இறங்காமல் காயும், அதனால்தான் வாருவது முதலில். பிறகு பலகை போட்டு மிதியுங்கள். மழை இல்லாவிட்டால் காலையும் மாலையும் மெல்லிய தூறலாகத் தண்ணீர். ரைகிராஸ் 7 முதல் 10 நாள், ஃபெஸ்க்யூ இரண்டு மூன்று வாரம். பத்தாம் நாள் வீட்டுப் பட்டை மொட்டையாக இருக்கிறதே என்று மேலும் விதை கொட்டாதீர்கள்.

உரம் இப்போது நைட்ரஜன் குறைந்து பொட்டாசியம் கூடிய இலையுதிர் காலத்து ரகம் மட்டும், பையில் போட்ட அளவில் (பெரும்பாலும் 35 கிராம்).

வடக்குவாசல் | அக்டோபர் 4, காலை 10:30

19-ஆம் தேதி வாரினேன், மறுநாள் துளை, விதை, மண். மூன்றாவது ஓட்டத்தில் மண் வந்ததால் நிறுத்திவிட்டேன். ஒன்பது சாக்கு. மழைநீர்க் குழாயின் அடி முழங்கையில் வெடிப்பு இருந்தது, மாற்றியாகிவிட்டது. நடுவில் ரைகிராஸ் 5 சென்டிமீட்டர். பட்டையில் இப்போதுதான் தலைமுடி போல ஃபெஸ்க்யூ.

எப்போது வெட்டலாம்? சிக்கமோர் இலை கொட்டத் தொடங்கிவிட்டது. சாக்குகளை உரக்குழியில் போடலாமா?

புல்வாரி | அக்டோபர் 4, மதியம் 12:15

6, 7 சென்டிமீட்டர் வந்ததும் முதல் வெட்டு. பிளேடு கூராக, உயரம் 45, மண் மேலே காய்ந்த நாளில். ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். மந்தமான பிளேடு இளம் நாற்றைப் பிடுங்கிவிடும். அதன் பிறகு நடுப்பகுதி 35 முதல் 40, வீட்டுப் பட்டை 50. பட்டைக்கு 50 என்பது எப்போதைக்குமான அளவு. நிழலில் வாழும் புல்லுக்கு இலைதான் சோறு.

இலைகளை வாரம் இருமுறை, விசிறி ரேக்கால் மேலோட்டமாக அள்ளுங்கள். சிக்கமோர் இலை அகலமானது, ஈரத்தில் ஒட்டி ஒரு வாரம் கிடந்தால் அடியில் நாற்று வெளுத்துவிடும். கீழ்க் கிளைகளைக் கழித்தால் வெளிச்சம் கூடும். ஆனால் வெட்டுமுன் அந்த மரத்துக்கு டிபிஓ என்ற மரப் பாதுகாப்பு ஆணை இருக்கிறதா என்று கவுன்சிலில் கேட்டுவிடுங்கள், அனுமதியின்றி வெட்டினால் அபராதம் உண்டு.

களைமருந்து கலக்காத இரும்பு என்பதால் உரக்குழிக்குப் போகலாம். பாசி மெதுவாகத்தான் மக்கும். ஒன்பது சாக்கையும் மொத்தமாகக் கொட்டினால் பாயாகப் படிந்து நின்றுவிடும். சமையலறைக் கழிவோடு ஒரு கை அகலத்துக்கு மேல் போகாத அடுக்குகளாகப் போடுங்கள். மீதியைக் கவுன்சில் தொட்டிக்கு அனுப்புங்கள்.

இந்தப் புல் 6 மாதம் ஆகும்வரை இரும்பு மறுபடி வேண்டாம். நாற்று கருகும்.

வடக்குவாசல் | அக்டோபர் 4, மாலை 4:50

அப்படியானால் ஏப்ரலில் அங்கங்கே பாசி தலைகாட்டினால்?

சாரல் | அக்டோபர் 4, மாலை 6:05

கண்டிப்பாகக் காட்டும். மார்ச் கடைசியில் முதல் வெட்டு 45-இல். ஏப்ரல் நடுவில் புல் ஓட ஆரம்பித்ததும் நைட்ரஜன் உள்ள வசந்தகால உரம், அதற்குப் பதினைந்து நாள் கழித்துப் பாருங்கள். திட்டுத் திட்டாக இருந்தால் அந்த இடத்தில் மட்டும் கையால் பிடுங்கி, 30 கிராம் கணக்கில் விதை. மருந்து படாத அந்தப் பாசியை எறியாதீர்கள். தொங்கும் பூக்கூடைகளின் உள்பக்கம் அடுக்க இங்கே காசு கொடுத்து வாங்குகிறார்கள். பரவலாக இருந்தால் மட்டும் ஏப்ரல் கடைசியில் மெலிந்த அளவில் இரும்பு.

நிழல்மரம் | அக்டோபர் 4, இரவு 9:30

மரத்தடி 8 சதுர மீட்டருக்கும் ஒரு வேலை உண்டு. எல்லையில் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு விளிம்புத் தகடு பதித்துவிடுங்கள், இந்தப் பக்க உரமும் இரும்பும் அந்தப் பக்கம் போகாமல் இருக்க. உரம் பட்டால் பாசி பழுக்கும், புல் வந்துவிடும். இலையை ரேக்கால் வாராதீர்கள், பாசி மெத்தையோடு கழன்றுவிடும். தென்னந்துடைப்பம் கிடைத்தால் அதுவே உத்தமம், தடவினாற்போலக் கூட்டினால் இலை மட்டும் வரும். சிக்கமோர் விதைகள் வசந்தத்தில் நூற்றுக்கணக்கில் முளைக்கும். இரண்டு இலைப் பருவத்திலேயே, மழை பெய்த மறுநாள், ஒவ்வொன்றாகக் கிள்ளினால் வேரோடு வந்துவிடும். மிதிக்காமல் நடக்க நாலு தட்டைக் கல் போட்டால் போதும்.